நெஞ்சு வலிக்கு ஓர் ஒத்திகை

ஆபத்து நேரத்தில் கைகொடுப்போம் என்று ஒரு நிறுவனம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது உண்மைதானா என்று ஆபத்து வருவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு என்று நம்பியவள் நான். நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தேன். அதன் விளைவாக, ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கரமனை அக்ரகாரத்தின் பாதித் தெரு எங்கள் வீட்டு வாசலில் கண்ணீரோடு கூடியிருந்தது. அதே நேரத்தில் ஜெர்மனியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டி, "அப்பா, உள்ளே இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் கலவரத்துக்கும் நாயகரான அப்பாவோ சந்தையில் சேனைக்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கர்ப்பிணி என் அக்கா வித்யா. தலைப்பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று மாதம் தங்கவேண்டும் என்பது அவள் ஆசை. இருவரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. விசா வேண்டுமானால் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று தெரிந்ததும், அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் இருக்கும் படித்த பெண் என்பது ஒரு காரணம். வேறு யாரிடம் கொடுத்தாலும் நான் அதில் குறை கண்டுபிடிப்பேன் என்பது முக்கியமான காரணம்.

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். கடற்கரையோரப் பள்ளிகளில் பேரிடர் ஒத்திகை நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. எந்தக் காரியத்திலும் பின்விளைவுகளை எடைபோட்டுப் பார்த்தே முடிவெடுப்பேன். (ஒருமுறை குடை வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்றாம் நாள் கடைக்காரர், "மோளே, மழை தீர்ந்து போச்சு, இனி அடுத்த வருஷம் வந்தா மதி, போதும்" என்று மலையாளம் கலந்து சொன்னார்.)

அப்பாவின் யோசனை எளிமையானது. "டிக்கெட் எடுக்கறவனே இன்ஷூரன்ஸும் சேர்த்துத் தருவான். வாங்கிப் பையில வெச்சுக்க வேண்டியதுதானே? வெறுதே எதுக்கு இத்தனை ஆராய்ச்சி?"

"அவன் கமிஷன் ஜாஸ்தி கிடைக்கறதைத் தருவான் அப்பா. நமக்கு நம்பகமானது வேணும்."

"நம்பகமானதுன்னு மேல எழுதி ஒட்டியிருக்குமோ?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதை நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பதிலாக, ஆறு பாலிசிகளின் முழு விவரக் குறிப்புகளையும் அச்சடித்து வந்தேன். மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல மூன்று வாரம் அவற்றைப் படித்தேன். உண்மையைச் சொன்னால், சுவாரசியமாகவே இருந்தது. மருத்துவமனை என்றால் என்ன, விபத்து என்றால் என்ன, திடீரென்று என்றால் எவ்வளவு திடீரென்று என்பதற்கெல்லாம் விளக்கம் இருந்தது. ஒரு பாலிசியில் நாம் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கவேண்டும். இன்னொன்றில் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டிவிடும். ஒன்றில் பல்வலிக்கு இடமுண்டு, ஆனால் அது தாங்கமுடியாத பல்வலியாக இருக்கவேண்டும். தாங்க முடிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அன்றன்று கண்டுபிடித்ததை இரவுச் சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டுவேன்.

"பயணத்தின்போது காலமானால் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு இதிலே அடக்கம்."

அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சாப்பிடற நேரத்துல வாசிக்கற விஷயமாடீ இது?"

அப்பாவுக்கு மட்டும் அதில் அக்கறை பிறந்தது. "சாக்கையில இருக்கற ஏர்போர்ட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிடுவாளா? இல்லை கரமனை வரைக்கும் கொண்டு விடுவாளா? அதைக் கேட்டுக்கோ. ஏர்போர்ட் டாக்ஸிக்காரன் எல்லாத்துக்கும் தனி ரேட்டாக்கும் சொல்றான்."

அப்பா தலைமைச் செயலகத்தில் செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விட்டிருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் பெயர்பெற்றவர். அப்படிப்பட்டவரின் விண்ணப்பத்தை நிரப்பும் பெருமையோடு ஒரு நாள் மாலை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, குடும்பத்தின் முன்னிலையில், நோய்ப்பட்டியலை உரக்க வாசித்தேன்.

"சர்க்கரை?"

"இல்லை."

"ரத்த அழுத்தம்?"

"இல்லை."

"இருதய நோய்? நெஞ்சு வலி? மூச்சு வாங்கறது?"

"இல்லை, இல்லை, இல்லை. அடுத்ததுக்குப் போ."

இத்தனை வேகமாக இவர் பதவியில் இருந்தபோது ஒரு ஃபைலையாவது நகர்த்தியிருப்பாரா என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். இருதயம் வந்தபோது அம்மா, தயிர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். தயிர் மேசையிலேயே இருந்தது. ஆறு பாலிசிகளின் அடிக்குறிப்புகளைப் படித்த இந்தக் கண்களுக்கு அது படவில்லை.

பாலிசியை வாங்கினேன். நிம்மதி வரவேண்டும், வரவில்லை. இணையத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதிப் பேர் தெய்வம் என்று எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் எழுதியதை இங்கே எழுத முடியாது. எது உண்மை? அப்போதுதான் என் தொழில் என்னை அழைத்தது. பள்ளிக்கூடங்களில் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒத்திகை நடத்துகிறோம். தீப்பிடித்துவிட்டது என்று மணியடித்து, எத்தனை நிமிடத்தில் பிள்ளைகள் மைதானத்துக்கு வருகிறார்கள் என்று கணக்கிடுகிறோம். முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தினால் அது ஒத்திகை ஆகாது, முடிந்த பிறகுதான் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தலைமையாசிரியர்களிடம் வாதாடியிருக்கிறேன். பாலிசிக்கும் ஓர் ஒத்திகை நடத்தினால் என்ன? இருபத்துநான்கு மணிநேர உதவி எண்ணைக் கூப்பிடுவது. என் தந்தைக்கு ஜெர்மனியில் நெஞ்சு வலி என்று சொல்வது. அவர்கள் முதலில் நோயாளியைப் பற்றிக் கேட்கிறார்களா, பாலிசி எண்ணைக் கேட்கிறார்களா என்று கவனிப்பது. கடைசியில் உண்மையைச் சொல்லி நன்றி தெரிவிப்பது. நான் எடைபோட்டுப் பார்த்தவரையில் இதில் யாருக்கும் எந்தப் பாதகமும் இல்லை.

அம்மா கோவிலுக்கும் அப்பா சந்தைக்கும் போயிருந்த நேரமாகப் பார்த்து, உள்ளறையில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன். குறிப்பெடுக்க வசதியாகக் கைப்பேசியின் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்தார். ஒத்திகையில் தத்ரூபம் வேண்டும் என்பது எங்கள் கொள்கை. ஆகவே குரலை உயர்த்தி, கொஞ்சம் விம்மி, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து விழுந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் கதறினேன். (கல்லூரித் தெருநாடகங்களில் எனக்கு எப்போதும் அழும் வேடம்தான் கொடுப்பார்கள்.)

அந்த மனிதர் அற்புதமானவர். மூச்சு விடுகிறாரா, வியர்க்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அதன் பிறகே பாலிசி எண். "காப்பீட்டுத் தேதி இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறதே" என்று தயங்கியவர், "அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் மேடம், முதலில் அவர் மருத்துவமனைக்குப் போகட்டும்" என்றார். நான் பரவசத்தோடு நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அங்கே தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று கேட்டார். தத்ரூபத்தின் உச்சத்தில் இருந்த நான் வித்யாவின் எண்ணையும் முகவரியையும் ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன்.

இனி உண்மையைச் சொல்லவேண்டியதுதான் என்று வாயைத் திறந்தபோது, கொல்லைப்புறக் கதவு படீரென்று திறந்தது. அக்ரகாரத்து வீடுகளுக்கு நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது, இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ராஜம் மாமி.

"கீர்த்தி! அய்யோ கொழந்தே! அப்பாவுக்கா? நெஞ்சு வலியா? விழுந்துட்டாராமே!"

மாமி என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்ததில் கைப்பேசி தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் போய், இணைப்பும் அறுந்தது.

"மாமி, அது நிஜமில்லை மாமி!"

"ஆமாண்டி, நேக்கும்தான் நிஜம்னு நம்ப முடியலை. காலமேகூட முருங்கைக்கீரை பறிச்சுத் தந்தாரே! நீ அழாதே. நான் எல்லாரையும் கூப்பிடறேன்."

கூப்பிட்டாள். நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து கைப்பேசியை மீட்டு மறுபடி எண்ணை அழுத்தினேன். நெஞ்சு வலி என்று சொல்ல அழைத்தபோது இரண்டே மணியில் எடுத்த நிறுவனம், நெஞ்சு வலி இல்லை என்று சொல்ல அழைத்தபோது எடுக்கவே இல்லை. தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதன் பிறகு புல்லாங்குழல் இசை. நான் அந்தப் புல்லாங்குழலைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தேன். அதற்குள் எதிர்வீட்டுக் கணேசன் மாமா ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நேரே விட்டுடலாம். ஆளு எங்கே, உள்ளேயா?"

"மாமா, அப்பா சந்தைக்குப் போயிருக்கா."

"சந்தையிலயா விழுந்தார்!"

இந்தத் திருத்தம் கூட்டத்தின் வழியாக ஒரே நொடியில் பரவியது. கோவிலிலிருந்து திரும்பிய அம்மா அதைத் தெருமுனையிலேயே கேட்டிருக்கவேண்டும். பிரசாதத் தட்டோடு ஓடிவந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தபோது, கையில் பையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாழைப்பூவுமாக அப்பா நடந்து வந்தார்.

"ஓய், நீர் நன்னாத்தானே இருக்கீர்?" கணேசன் மாமாவின் குரலில் நிம்மதியைவிடக் குற்றச்சாட்டே மிகுந்திருந்தது.

"நேக்கென்ன? இங்கே என்ன கூட்டம்?"

"ஒமக்கு நெஞ்சு வலின்னாளே!" என்றாள் ராஜம் மாமி.

அப்பா சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது. பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"நீ சொன்னயா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நான் கோவிலுக்கன்னா போயிருந்தேன்!"

என் காதில் புல்லாங்குழல் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. இல்லாத நெஞ்சு வலிக்கு நான் நடத்திய ஒத்திகையில், இருந்த நெஞ்சு வலி அகப்பட்டுக்கொண்டது என்பது எனக்கு உறைக்கச் சில நொடிகள் பிடித்தன.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. வித்யா. அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"அப்பா, நீங்கோ எங்கே இருக்கேள்?"

"கரமனையில."

"நிச்சயமா?"

"நம்மாத்து வாசல்லதாண்டி நிக்கறேன்."

"உங்கப்பா உங்காத்துல விழுந்து கிடக்கார், ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னு யாரோ கேக்கறா. என்கிட்டச் சொல்லாம சர்ப்ரைஸா வந்துட்டேளோன்னு ஆத்துல முழுக்கத் தேடிட்டேன். பால்கனி, பாத்ரூம், ஒண்ணும் பாக்கியில்லை. கடைசியில ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆளைக் காணோம்னு சொல்லிட்டேன்." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "அப்பா, நெஞ்சு வலிக்கறதா?"

நோய்ப்பட்டியலுக்கு 'இல்லை, இல்லை' என்று வேகமாகச் சொன்ன மனிதர் குனிந்து, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாழைப்பூவை உள்ளே தள்ளினார். "எப்பவாவது" என்றார் கடைசியில்.

கூட்டம் நாகரிகமாகக் கலைந்தது. (நாகரிகமாக என்றால், ராஜம் மாமி தன் வீட்டுக்குள் போய்ச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.) உள்ளே வந்து உட்கார்ந்ததும் அப்பாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: ஏன் சொல்லவில்லை?

"சொன்னா நீ என்ன பண்ணுவே? ஒரு காகிதத்துல நடுவுல கோடு போடுவே. இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை. கடைசியில போகவேண்டாம்னு தீர்ப்பு எழுதுவே. நான் போகலேன்னா உங்கம்மா தனியாப் போகமாட்டா. வித்யாவுக்கு அங்கே யாரிருக்கா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை, கோடு போட்டிருப்பேன்.

நிறுவனத்திலிருந்து ஒரு மருத்துவர் திரும்ப அழைத்தபோது நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை; கத்தியிருக்கலாம். "நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உண்மையாகவே ஒருவர் எங்கோ விழுந்து, எங்கள் எண்ணுக்குக் காத்திருந்திருக்கலாம். நினைத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். எல்லாப் பின்விளைவுகளையும் எடைபோட்ட நான் அந்த ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை. இன்றும் அந்த இடத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வருவதில்லை.

அப்பா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். செயலக ஆங்கிலத்தில், "ஐயா, அவள் நல்ல பெண். ஒத்திகை நடத்துவது அவள் உத்தியோகம்" என்று என் சார்பில் ஒரு விளக்கம் அளித்தார். பிறகு, முகம் தெரியாத அந்த மருத்துவரிடம், பத்தி பிரித்து, தேதி வரிசையில், எல்லாவற்றையும் சொன்னார். ஓணத்துக்கு மறுவாரம் கிழக்கேகோட்டையில் பஸ் படி ஏறும்போது முதல் வலி. கரமனையில் டாக்டரைப் பார்த்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று தள்ளி இருக்கும் பட்டம் பகுதிக்குப் போய்ப் பார்த்தது. அவர் எடுக்கச் சொன்ன சோதனையைப் பயணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டது. காலை ஒன்று, இரவு இரண்டு என்று மாத்திரைகளின் பெயர்கள். பெற்ற மகளிடம் ஒரு வரி சொல்லாதவர் அவரிடம் எதையும் விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த பாலிசி, 'இல்லை' என்று அறிவித்த நோய்க்கு உதவாது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். இரண்டாவது மணியிலேயே போனை எடுக்கும் நிறுவனமானாலும், பொய்யான ஒரு பதிலின் மேல் நின்றால் அது வெறும் காகிதம். ஜெர்மனியில் அப்பா நிஜமாகவே விழுந்திருந்தால் அக்கா அத்தனை செலவையும் தன் தலையில் சுமந்திருப்பாள்.

அப்பாவின் பாலிசியை ரத்து செய்தோம். சோதனையில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள், சில வாரங்கள் விமானம் ஏறக்கூடாது என்றார்கள். தனியாகப் போகவே மாட்டாள் என்று அப்பா தீர்மானித்திருந்த அம்மா, குறித்த நாளில் தனியாகவே போனாள். சாக்கை விமான நிலைய வாசலைத் தாண்டும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்த அன்று அப்பா கரமனையில் உட்கார்ந்து பேத்தியைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். "தெளிவாவே தெரியலை" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு நாள் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. எனக்கும் அது தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அவரும் போனார். டிஸ்சார்ஜ் சம்மரி, விமானம் ஏறலாம் என்ற டாக்டர் சான்றிதழ் எல்லாவற்றையும் இணைத்து, இருதயத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதி, கூடுதல் பிரீமியம் கட்டி, அதே நிறுவனத்தில் புதிய பாலிசி எடுத்தேன். நோயாளியை முதலில் விசாரித்த அந்த மனிதரை மறக்க முடியவில்லை. விவரங்களைச் சரிபார்க்க அழைத்த அலுவலர் எல்லாம் முடிந்ததும் ஒரு கணம் தயங்கி, "மேடம், இந்த முறை ஒத்திகை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவர்கள் கோப்பில் என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிய எனக்கு இன்றும் ஆவல்தான்.

அப்பா ஊர் திரும்பிய பிறகும் தெரு அதை விடவில்லை. அவர் காலையில் நடக்கக் கிளம்பினால் கணேசன் மாமா, "ஓய், இன்னிக்கு எந்த நாட்டுல இருக்கீர்?" என்று கேட்கிறார். அப்பா சளைக்காமல் தினம் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

தெருவில் யார் பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க வெளிநாடு போனாலும் காப்பீட்டுப் படிவத்தோடு இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். பாலிசிகளை ஒப்பிட்டு, ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். நோய்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் நான் வாசிப்பதில்லை. பேனாவை அவர்கள் கையில் கொடுத்து, கூட வந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், அவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.